தொலைநோக்கியும் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தொலைநோக்கி வழியாக வானத்தைப் படமெடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "உங்களிடம் இருப்பது எவ்வளவு விலையுள்ள கருவி?" அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூரில் முப்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவன் நான். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும்தான் சோறு போட்டன. இரவில் கடையைப் பூட்டிய பிறகு அதே கேமராவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோவேன். இன்று என்னிடம் இருப்பது 150 மில்லிமீட்டர் ஆடியும் 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமும் (ஆடியிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை ஒளி போகும் தூரம்) கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி, அதாவது குழாயின் அடியில் உள்ள வளைந்த ஆடி ஒளியைக் குவிக்கும் வகை. பழைய விலைக்கு வாங்கிய, லென்ஸைக் கழற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று. கல்யாண மண்டபத்தில் எவரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது பழையது. இந்தப் பகுதியில் நான் சொல்பவை எல்லாம் இந்த இரண்டையும் வைத்துச் செய்து பார்த்தவை.

கேள்வி: என்னிடம் சட்டைப் பையில் போடும் சிறிய டிஜிட்டல் கேமராதான் இருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாது. அப்பா 4 அங்குலத் தொலைநோக்கி வாங்கித் தந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து நிலாவை எடுக்க முடியுமா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: தாராளமாக முடியும். டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் உலகெங்கும் வான ஆர்வலர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள். தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸில் நீங்கள் கண்ணை வைக்கும் இடத்தில் கேமராவின் கண்ணை வைக்கிறீர்கள், அவ்வளவுதான் விஷயம்.

25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸைப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் வேண்டாம்; அதன் ஒளி மிக நெருக்கத்தில் கூடுவதால் கேமராவின் லென்ஸ் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. முதலில் கண்ணால் பார்த்து நிலாவைத் தெளிவாக்குங்கள். தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் அதை அணிந்தபடியே செய்யுங்கள். கேமராவின் கண் குறையில்லாத கண். ஃபிளாஷை அணையுங்கள். கேமராவைத் தொலைதூரக் காட்சிக்கு, பல மாதிரிகளில் மலைப் படம் போட்டிருக்குமே அந்த நிலைக்கு, மாற்றுங்கள். திரையில் நிலாவைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் ஜூமைக் கொஞ்சம் கூட்டுங்கள், வளையம் வெளியே போய்விடும்.

கையால் பிடித்து எடுத்தால் பத்தில் ஒன்று தேறும். கண்ணருகு லென்ஸின் மேல் பொருந்துகிற பிளாஸ்டிக் குழாய் இணைப்பு ஒன்றை வன்பொருள் கடையில் வாங்கி, உள்ளே கருப்பு வெல்வெட் துணி ஒட்டி, அதன் மறு முனையில் கேமராவை ரப்பர் பட்டையால் கட்டினால் போதும். ஷட்டரை விரலால் அழுத்தாதீர்கள். பத்து நொடி டைமரில் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பௌர்ணமியன்று எடுத்து ஏமாந்துபோகாதீர்கள். அன்று சூரிய ஒளி நிலாவின் மேல் நேராக விழுவதால் நிழலே இராது. தட்டையான வெள்ளித் தட்டுதான் கிடைக்கும். அஷ்டமி, நவமியில் நம் வீடுகளில் எதையும் தொடங்க மாட்டார்கள். நிலாப் படத்துக்கோ வளர்பிறை அஷ்டமியும் நவமியும்தான் முகூர்த்த நாட்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழல் வீசும். தெற்கே கிளேவியஸ் என்ற பெரும் பள்ளத்துக்குள் சிறு பள்ளங்கள் வளைவாக வரிசை பிடித்திருப்பது உங்கள் 4 அங்குலத்திலேயே தெரியும்.

கேள்வி: எவ்வளவு முயன்றாலும் எல்லாப் படத்திலும் ஒரு மெல்லிய மங்கல் இருக்கிறது. கேமராவை மாற்றினால் சரியாகுமா? (பள்ளி ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சிறு வால் போட்டிருக்கின்றன, அது ஆட்டம். மற்ற இரண்டிலும் நட்சத்திரங்கள் உருண்டையாக, ஆனால் உப்பலாக இருக்கின்றன, அது ஃபோகஸ். கேமராமேல் ஒரு குற்றமும் இல்லை. அதை விற்றுவிடாதீர்கள்.

ஆட்டத்தை முதலில் பார்ப்போம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. நீங்கள் ஷட்டரை அழுத்தியதும் அது படாரென்று மேலே போய் மோதும். வீட்டில் குழந்தையைப் படமெடுக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. 1200 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் அந்த ஓர் அடி போதும், நிலாவின் பள்ளங்கள் எல்லாம் கரைந்துவிடும். மெனுவில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இருக்கும். அல்லது லைவ் வியூ என்கிற நேரடித் திரைக் காட்சியில் வைத்து எடுங்கள், அப்போது கண்ணாடி ஏற்கெனவே மேலே இருக்கும். கம்பி ரிமோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் படம் எடுக்கும்போது யாரையும் நடக்க விடாதீர்கள். கான்கிரீட் தளம் காலடியை அப்படியே முக்காலிக்குக் கொண்டுபோகும். நான் ஜவ்வாது மலைக்குப் போனால் முக்காலியை மண்ணில் ஊன்றி, நடுவில் தண்ணீர்க் குடம் ஒன்றைத் தொங்கவிடுவேன்.

ஃபோகஸ்தான் பெரிய விஷயம். என் ஸ்டுடியோவுக்குத் தொழில் பழக வந்த பையன்களிடம் ஒரு மாதம் வேறு எதையும் செய்யவிடாமல் இதைத்தான் செய்யச் சொல்வேன். தானாக ஃபோகஸ் ஆகும் வசதி தொலைநோக்கியில் இல்லை. கேமராவின் சிறு கண்ணாடித் துளையில் பார்த்து "தெளிவாக இருக்கிறது" என்று முடிவு செய்தால் பத்துக்கு ஒன்பது முறை தவறாகத்தான் இருக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். சித்திரை மாதம் என்றால் சித்திரை நட்சத்திரமே போதும். நேரடித் திரையில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். ஃபோகஸ் குமிழை முடி அளவு, முடி அளவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் சிறுத்துச் சிறுத்து வந்து ஒரு கட்டத்தில் மறுபடி உப்பத் தொடங்கும். உப்பத் தொடங்கியதும் திரும்பி வாருங்கள். அந்தக் கட்டத்தை இரண்டு பக்கமும் தாண்டிப் பார்த்தால்தான் நடு எங்கே என்று கைக்குப் புரியும்.

கண்ணை நம்ப முடியவில்லை என்றால் அதற்கு ஓர் அட்டை இருக்கிறது. பாவெல் பஹ்தினோவ் என்ற ரஷ்ய ஆர்வலர் 2005ஆம் ஆண்டு கண்டுபிடித்தது. தொலைநோக்கியின் வாயை மூடும் அளவுக்கு வட்டமாக அட்டை வெட்டி, அதில் மூன்று பகுதிகளாக, மூன்று சாய்வில் ஜன்னல் கம்பி போலப் பிளவுகள் வெட்டுவார்கள். அதன் வழியாகப் பார்க்கும்போது நட்சத்திரத்திலிருந்து ஒளிக்கோடுகள் கிளம்பும்: இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல நிற்கும், மூன்றாவது கோடு குறுக்கே நகரும். குமிழைத் திருப்பத் திருப்ப அந்த மூன்றாவது கோடு இடம்பெயரும். பெருக்கல் குறியின் நடுப்புள்ளி வழியாகப் போகும் நொடியில் ஃபோகஸ் சரி. என்னுடையதைக் கறுப்பு ஃபைல் அட்டையில் பிளேடால் வெட்டினேன். இரண்டு மாலை வேலை. வெட்டி முடித்து முதல் இரவு அகத்திய நட்சத்திரத்தில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை நான் சரி என்று நினைத்திருந்த இடத்திலிருந்து கோடு விலகி நின்றது. அதற்கு முந்தைய ஒரு வருடப் படங்கள் அத்தனையும் மயிரிழை தவறு. அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை அட்டையைப் போட்டுச் சரிபார்க்கிறேன். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும், ஃபோகஸும் கூடவே நகரும். படமெடுக்கும் முன் அட்டையை எடுத்துவிட மறக்காதீர்கள்.

கேள்வி: 150 மி.மீ. நியூட்டன் தொலைநோக்கி, டி.எஸ்.எல்.ஆர்., இரண்டையும் இணைக்கும் டி-ரிங் எல்லாம் வாங்கிவிட்டேன். எதிர்வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி மிகத் தெளிவாக விழுகிறது. நிலா மட்டும் எவ்வளவு திருப்பினாலும் தெளிவாகவில்லை. குமிழ் உள்ளே போய் இடித்து நின்றுவிடுகிறது. கடைக்காரர் "தொட்டி தெரிகிறதே, கருவி சரிதான்" என்கிறார். (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: கருவி சரிதான். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விட்டுப்போன மறுபாதி இது.

கண்ணால் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட நியூட்டன் தொலைநோக்கிகளில் பிம்பம் ஃபோகஸ் குழாயின் வாயை ஒட்டியே விழும். கண்ணருகு லென்ஸுக்கு அது போதும். உங்கள் கேமராவில் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, உள்ளே ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சாருக்கு 44 மில்லிமீட்டர், டி-ரிங்கின் கனம் 11 மில்லிமீட்டர், ஆக 55. மற்ற நிறுவனங்களின் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கும் டி-ரிங்கோடு சேர்த்து இதே 55 வரும்படிதான் செய்திருப்பார்கள். பிம்பம் குழாய் வாயிலிருந்து 55 மில்லிமீட்டர் வெளியே வந்தால்தான் சென்சாரைத் தொடும். உங்களுடையது அவ்வளவு வெளியே வரவில்லை.

பிறகு தொட்டி எப்படித் தெரிந்தது? அருகில் உள்ள பொருளின் பிம்பம் தொலைவில் உள்ளதைவிட வெளியே தள்ளி விழும். 1200 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்கு, 50 மீட்டர் தொலைவில் இருக்கும் தொட்டியின் பிம்பம் நிலாவின் பிம்பத்தைவிட ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வெளியே விழும். உங்களுக்குக் குறைகிற நீளம் அந்த 30க்குள் அடங்கிவிட்டது. பகலில் சோதிக்க வேண்டுமானால் சூரியன் இருக்கும் பக்கத்தை விட்டு விலகி, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று மலைக்கோட்டை உச்சியைப் பாருங்கள். அது தெளிவாகத் தெரிந்தால் நிலாவும் தெரியும்.

எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிடலாம். நிலா இருக்கும் இரவில் கேமராவைக் கழற்றுங்கள். குமிழை முழுக்க உள்ளே தள்ளுங்கள். எண்ணெய்க் காகிதத் துண்டு ஒன்றைக் குழாய் வாய்க்கு நேரே பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் காகிதத்தின் மேல் சுண்டுவிரல் நக அளவில், 11 மில்லிமீட்டர் அகலத்தில், நிலா வந்து உட்காரும். மேடும் கறையும் தெரியும் குட்டி நிலா. அந்தக் காட்சியை உங்கள் வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் முதலில் பார்த்தபோது காகிதத்தைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. குழாய் வாயிலிருந்து காகிதம் வரைக்கும் ஸ்கேலால் அளவெடுங்கள். 28 மில்லிமீட்டர் வந்தால், 55 இல் 28 போக 27 குறைகிறது.

சரிசெய்ய இரண்டு வழி. சுலபமானது பார்லோ லென்ஸ், ஃபோகஸ் குழாய்க்கும் கேமராவுக்கும் இடையே செருகும் சிறு லென்ஸ். அது பிம்பத்தை வெளியே தள்ளிவிடும். ஆனால் நிலாவை இரு மடங்கு பெரிதாக்கியும்விடும். 22 மில்லிமீட்டர் நிலா, 15 மில்லிமீட்டர் உயரமுள்ள சென்சாரில் அடங்காது. இரண்டு மூன்று துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். நிலையான வழி, அடியில் இருக்கும் ஆடியை 27 மில்லிமீட்டர் மேலே ஏற்றுவது. ஆடியைத் தாங்கும் மூன்று திருகுகளுக்குப் பதிலாக நீளமான திருகுகளும் கெட்டியான ஸ்பிரிங்குகளும் போட்டால் பெரும்பாலும் நடந்துவிடும். நான் உள்ளூர் லேத் பட்டறையில் செய்துகொண்டேன். ஏற்றிய பிறகு ஆடியின் சாய்வை மறுபடி நேர்செய்வது அவசியம்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ.வை முடிந்த அளவு உயர்த்தி வைக்கலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். ஐ.எஸ்.ஓ. என்பது கேமராவின் ஒளி உணர்திறனைக் காட்டும் எண். நிலாவுக்கு 100 அல்லது 200. என் தொலைநோக்கியில் அரை நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றிப் பார்ப்பேன். நெபுலாக்கள் எனப்படும் மங்கலான விண்வெளி மேகங்களுக்கு 800 முதல் 1600. எப்போதும் ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுங்கள்.

கேள்வி: நிலாப் படம் அருமையாக வந்தது. வியாழனை எடுத்தால் மட்டும் குண்டு பல்பு போல வெள்ளையாக விழுகிறது. பட்டைகளே இல்லை. (இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, சுற்றிலும் கருப்பு வானம் இருப்பதால் கேமரா "இருட்டாக இருக்கிறது" என்று கணக்குப் போட்டு ஒளியை வாரி இறைத்துவிடுகிறது. தானியங்கி முறையை விட்டுவிட்டு, திரையில் வியாழன் சாம்பல் நிறமாகத் தெரியும் வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். அதன் மேகப் பட்டைகள் அப்போதே எட்டிப் பார்க்கும்.

அடுத்தது அளவு. வியாழன் மிகப் பெரிதாகத் தெரியும் நாட்களிலும் 1200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் அதன் பிம்பம் கால் மில்லிமீட்டர்தான். பார்லோ போட்டால் அரை. இவ்வளவு சிறிய பிம்பத்தைக் காற்றின் அசைவு ஆட்டிக்கொண்டே இருக்கும், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல. ஒற்றைப் படத்தில் அதை வெல்ல முடியாது. வீடியோ எடுங்கள். நேரடித் திரையை ஐந்து மடங்கு பெரிதாக்கி, அந்தக் காட்சியை மடிக்கணினியில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 30 என்றால் 3,600 படங்கள் கிடைக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றில் காற்று அசையாதிருந்த நொடிகளின் படங்களைப் பொறுக்கி எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். அதை ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையாக்கினால் போதும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் பதிவு செய்யும்போதே அதன் முகம் திரும்பிக்கொண்டிருக்கும்.

நீங்கள் இருப்பது நாகர்கோவிலில். இதன் அருமையை நான் சொல்லியே ஆக வேண்டும். கோள்கள் உங்கள் ஊரில் உச்சிக்கு வரும்போது ஏறத்தாழ 58 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. லண்டனில் இருப்பவருக்குச் சில ஆண்டுகளில் வியாழனும் சனியும் 20 பாகைகூட எழாமல் கூரைகளின் மேல் ஊர்ந்து போய்விடும். தடித்த காற்றுப் படலத்தின் ஊடாக அவர் எடுப்பதை நீங்கள் தலைக்கு மேலே எடுக்கிறீர்கள். ஆகவே அவசரப்படாமல் வியாழன் மேலே வரும்வரை காத்திருங்கள். மொட்டைமாடித் தளம் பகல் வெயிலை இரவெல்லாம் கக்கும்; தோட்டத்து மண்தரை நல்லது. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆற விடுங்கள்.

கேள்வி: மோட்டார் பொருத்திய தாங்கியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் வளவில் வடக்கே பனைகள். துருவ நட்சத்திரத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. (யாழ்ப்பாணம்)

பதில்: துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகை உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 13. யாழ்ப்பாணத்தில் 10க்கும் குறைவு. பனை மறைக்காவிட்டால் அடிவானப் புகை மறைக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் அந்தத் தாங்கியின் அச்சைத் துருவத்தைப் பார்க்காமலே நேர்செய்யலாம். முதலில் திசைகாட்டியை வைத்து வடக்கே திருப்பி, சாய்வு அளவுகோலை 10க்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஓரியன் என்ற வேட்டைக்கார விண்மீன் கூட்டத்தின் இடைவாரில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் வான நடுக்கோட்டை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டை, ஒட்டியே இருக்கின்றன. அவை உச்சிக்கு வரும்போது ஒன்றைப் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டு, குறுக்குக்கோடு உள்ள கண்ணருகு லென்ஸில் ஐந்து நிமிடம் கவனியுங்கள். கிழக்கு மேற்காக நகர்வதைப் பொருட்படுத்த வேண்டாம். நட்சத்திரம் தெற்கே நழுவினால் தாங்கியின் அச்சு கிழக்கே தள்ளி நிற்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. நழுவுவது நிற்கும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும். முடித்ததும் முக்காலிக் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் வண்ணத்தால் குறித்துவிடுங்கள், மறுநாள் பத்து நிமிட வேலை.

இவ்வளவு தாழ்ந்த சாய்வில் எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கும். வடக்கே ஒரு கால் வராமல் இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி முக்காலியைத் திருப்பி, தெற்குக் காலில் மணல் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

இழப்புக்கு ஈடாக உங்களுக்குத் தெற்கு வானம் கிடைத்திருக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரத் திரளை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாது. உங்களுக்கு அது 30 பாகைக்கு மேல் ஏறி வரும். 30 நொடிப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். கறுப்புத் துணியில் சர்க்கரையைக் கொட்டியது போல இருக்கும்.

கேள்வி: ஓரியன் நெபுலாவை எடுத்தேன். மற்றவர்கள் படங்களில் இரத்தச் சிவப்பு. எனக்கு வெளிறிய ரோஜா நிறம்தான். கேமராவைப் பிரித்து உள்ளே இருக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டால் சிவப்பு வரும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (பொறியாளர், சென்னை)

பதில்: நண்பர் சொல்வது உண்மை. நெபுலாவில் உள்ள ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்சிவப்பாக ஒளிர்கிறது. கேமராக்காரர்கள் மனிதத் தோலின் நிறம் இயல்பாக வர வேண்டும் என்று சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அது அந்தச் சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. கேனான் நிறுவனமே வான ஆர்வலர்களுக்காக வடிகட்டியை மாற்றி 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ என்று இரண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களை விற்றது.

இருந்தும் உங்களிடம் "பிரிக்க வேண்டாம்" என்றே சொல்வேன். ஃபிளாஷுக்கான மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகும் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும். வடிகட்டி போனால் பகல் படங்கள் செக்கச் சிவப்பாகும், தானியங்கி ஃபோகஸும் கெடும். அந்த ஒரு கேமராதான் வீட்டுக் கல்யாணத்துக்கும் என்றால் விட்டுவிடுங்கள். மேலும், ஓரியன் நெபுலா மற்ற நெபுலாக்களைப் போலச் சிவப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஆக்சிஜனின் நீலப்பச்சையும் அதில் ஏராளம், அதை உங்கள் கேமரா தடையின்றி வாங்கிக்கொள்ளும்.

உங்கள் படத்தில் நான் கண்ட குறை வேறு. நீங்கள் எடுத்தது ஒரே ஒரு படம். முப்பது நொடிப் படங்களாக அறுபது எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டீப் ஸ்கை ஸ்டாக்கரில் அடுக்குங்கள். பதினாறு படங்களை அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள், நாலில் ஒன்றாகும். தொலைநோக்கியின் வாயை மூடிவைத்து, அதே நேர அளவில், அதே ஐ.எஸ்.ஓ.வில், அதே இரவில் பத்துப் பதினைந்து இருட்டுப் படங்களும் எடுங்கள். மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும். சென்சார் சுமார் 6 பாகை செல்சியஸ் சூடேறினால் இருட்டு இரைச்சல் இரு மடங்காகும். சென்னையின் ஐப்பசி இரவுக்கும் தை இரவுக்கும் படத்தில் வித்தியாசம் தெரிவது அதனால்தான். போன தையில் எடுத்த இருட்டுப் படத்தை இந்தச் சித்திரைக்குப் பயன்படுத்தாதீர்கள். நெபுலாவின் நடுவே நான்கு நட்சத்திரங்கள் வெந்து வெள்ளையாகிவிடும். அவற்றுக்காக ஐந்து நொடிப் படங்கள் சில தனியே எடுத்துப் பிறகு சேருங்கள்.

இதே நெபுலாவை உலகில் முதன்முதலாகப் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர், மருத்துவம் படித்தவர். நியூயார்க்குக்கு அருகே ஹட்சன் ஆற்றங்கரையில் தானே கட்டிய ஆய்வுக்கூடத்தில், 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணாடித் தகட்டை 51 நிமிடம் திறந்து வைத்து எடுத்தார். நீங்கள் ஐந்து நிமிடத்தில் கிண்டியில் எடுத்திருக்கும் படம் அதைவிட அதிகம் காட்டுகிறது. அந்த ரோஜா நிறப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்பு வடிகட்டி தொலைநோக்கியோடு வந்தது. அதை வைத்துச் சூரியனை எடுக்கலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. அந்த வடிகட்டியை இன்றே குப்பையில் போடுங்கள். ஆடி குவித்த வெயில் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில்தான் வந்து விழும். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்துக்குத் தனுஷ்கோடி போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் இப்படிப்பட்ட வடிகட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கூப்பிட்டான் என்று அவர் முகத்தைத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். வடிகட்டி குறுக்கே விரிசல் விட்டு வெளிச்சம் அம்பு போல வெளியே அடித்தது. அந்த ஒரு நொடியில் அவர் கண் தப்பியது. வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் வாயில், வெயில் உள்ளே நுழையும் முன்பே இருக்க வேண்டும். ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சூரியத் தாள் அதற்கென்றே விற்கிறது. காற்றில் பறக்காதபடி டேப்பால் ஒட்டுங்கள். இலக்கு பார்க்கும் சிறு தொலைநோக்கியையும் மூடிவிடுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கிறோம். கேமரா லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. அரிசிப் பானையில் வைத்தால் ஈரம் போகும் என்கிறார்களே? (கடலூர்)

பதில்: அரிசித் தவிடு லென்ஸுக்குள் போகும், வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சிறு அளவி. ஈரம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். பனியில் நனைந்த கருவியை உடனே பூட்டாதீர்கள். மின்விசிறிக்கு அடியில் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். வந்துவிட்ட பூஞ்சை மேல்பூச்சை அரித்துவிடும், தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் தொலைநோக்கியில் மாமாவின் கேமராவை வைத்து வியாழனை எடுத்தேன். வெள்ளை உருண்டையாக வந்தது. பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று. மாமா அது தூசி என்கிறார். தாத்தா நட்சத்திரம் என்கிறார். எது சரி? (ஆறாம் வகுப்பு, புதுக்கோட்டை)

பதில்: கண்ணே, நீ அனுப்பிய படத்தைப் பலமுறை பார்த்தேன். நாகர்கோவில் அம்மாவுக்கு மேலே நான் சொன்னதைப் படித்துவிட்டு உன் படம் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. உருண்டை வெள்ளையாகும் அளவுக்கு ஒளி விழுந்ததால்தான் அந்தப் புள்ளிகள் தெரிகின்றன. பட்டைகள் வேண்டுமானால் ஒளியைக் குறைக்க வேண்டும், புள்ளிகள் வேண்டுமானால் கூட்ட வேண்டும்.

அவை தூசியா, நட்சத்திரமா, வேறு ஏதாவதா என்று நான் சொல்லப்போவதில்லை. நீயே மாமாவுக்கும் தாத்தாவுக்கும் காட்டிவிடலாம். நாளை இரவு அதே நேரத்தில், கேமராவை அதே மாதிரி மாட்டி, அதே ஷட்டர் வேகத்தில் எடு. நாளன்றைக்கும் எடு. ஒரு வாரம் எடு. ஒவ்வொரு படத்தையும் ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து, தேதியும் மணியும் எழுது. கேமராவுக்குள் தூசி இருந்தால் நீ நிலாவை எடுத்தாலும் அது அதே மூலையில் வந்து நிற்கும். பின்னால் இருக்கும் நட்சத்திரம் என்றால் வியாழன் நகர நகர நாளுக்கு நாள் ஒரே பக்கமாகப் பின்தங்கிப் போகும். உன் புள்ளிகள் வலமும் இடமும் மாறி, ஒன்று காணாமல் போய், இன்னொரு நாள் நான்காக வந்தால், 1610 ஜனவரி 7 அன்று இத்தாலியில் கலிலியோ பார்த்த மூன்றைத்தான் நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு வாரத்துக்குள் அவர் நான்காவதையும் பிடித்துவிட்டார். அவரிடம் கேமரா இல்லை, உன்னைப் போலவே நோட்டில் வரைந்தார். அவற்றில் மிக வேகமானது ஒரு சுற்றை ஒன்றே முக்கால் நாளில் முடித்துவிடும். ஆகவே ஓர் இரவுகூட விட்டுவிடாதே.

மேகம் மூடிய நாளில் "மேகம்" என்று எழுது. ஏழு நாள் முடிந்ததும் அந்த நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான்கில் எது எது என்று நாம் இருவரும் உட்கார்ந்து பெயர் வைப்போம்.